பதினொரு கோலும் ஒரு பானைச் சோறும்

அணிக்கு ஐந்து பேர் ஆடுகிற சின்னப் பந்தாட்டத்தில், வெயில் இறங்குவதற்குள் பதினொரு கோல் வாங்குவது எப்படி என்று உங்களுக்குத் தெரியுமா?

சும்மா உட்கார்ந்திருந்தால் வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதற்கும் பயிற்சி வேண்டும். மலையடிவாரத்து மங்கையம்மா மடத்தின் சீடர்கள் பல வருஷமாகப் பயிற்சி எடுத்திருந்தார்கள். என்ன, அது பந்தாட்டத்துக்கான பயிற்சி என்பது அவர்களுக்கே தெரியாது.

மங்கையம்மாதான் மடத்தின் குரு. சீடர்கள் ஐந்து பேருமே அவரைவிட வயதில் மூத்தவர்கள். அவர்கள் அவரை 'அம்மா' என்பார்கள். அவர் அவர்களை 'அண்ணே' என்பார். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

உட்கார்ந்தே தியானம் செய்து ஐவருக்கும் தொந்தி வைத்துவிட்டது. ஒருநாள் தியானத்தின் நடுவே குறட்டைச் சத்தமும் கேட்டது. மறுநாள் மங்கையம்மா சந்தையிலிருந்து கீரையோடு ஒரு கால்பந்தும் வாங்கி வந்தார்.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டார்கள்.

"துரத்துறதுக்கு."

அப்படித்தான் அந்த அணி உருவாயிற்று. முன்னாள் பஸ் கண்டக்டர் அறவாழி கேப்டன். தையற்காரர் மாசிலாமணி அவருக்குத் துணையாகப் பின்னால் நிற்பார். சமையல் பார்க்கிற குழந்தைசாமி கோல்கீப்பர். ஆள் நல்ல அகலம், நின்றாலே பாதி கோல் அடைபடும் என்று அவரைப் போட்டார்கள். மீதி இருவர் ஓடுவார்கள். எந்தப் பக்கம் என்று கேட்கக் கூடாது.

ஆடிப்பெருக்கு அன்று லாரி ஸ்டாண்டு ஆட்களோடு ஆட்டம். ஊரே வந்து வரப்பில் உட்கார்ந்தது. மங்கையம்மா மடி நிறைய அவித்த வேர்க்கடலையோடு வந்தார்.

முதல் பந்து உயரமாக வந்தது. அறவாழிக்கும் மாசிலாமணிக்கும் சரியாக நடுவில் இறங்கியது.

இந்த இடத்தில் மடத்து விதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே யாரும் 'என்' என்றோ 'என்னுது' என்றோ சொல்லக் கூடாது. என் தட்டு, என் பாய், என் செருப்பு, எதுவும் கிடையாது. எல்லாம் 'நம்ம'துதான். வாய் தவறிச் சொன்னவர் முற்றம் முழுவதையும் பெருக்க வேண்டும். குழந்தைசாமி வந்த புதிதில் 'என் கரண்டி எங்கே' என்று கேட்டுக் கேட்டே முற்றத்தைக் கண்ணாடியாக்கி வைத்திருந்தார்.

மற்ற ஊர்க்காரர்கள் உயரமாகப் பந்து வந்தால் 'என்னுது!' என்று கத்துவார்கள். மற்றவன் விலகிக்கொள்வான்.

அறவாழி பந்தைப் பார்த்தார். மாசிலாமணியைப் பார்த்தார். கையைக் காட்டி, "உங்களுது" என்றார்.

"இல்லையில்லை, உங்களுது" என்றார் மாசிலாமணி.

"நீங்க முன்னாடியே நிக்கிறீங்க."

"நீங்க கேப்டன்."

பந்து இருவருக்கும் நடுவில் விழுந்து, யாருமே கூப்பிடாத விருந்தாளி மாதிரி இரண்டு தரம் குதித்தது. லாரி ஸ்டாண்டுக்காரன் ஒருவன் வந்து, "ரெண்டு பேருக்கும் வேணாமா? சரி விடுங்க" என்று உதைத்தான்.

கோல்.

குழந்தைசாமி விஷயமும் அதேதான். பந்து தன்னை நோக்கி வரும்போதெல்லாம் அவர் வாய் திறக்கும். தொண்டை வரை ஒரு வார்த்தை வரும். முற்றம் ஞாபகம் வரும். வாயை மூடிக்கொள்வார். அதற்குள் பந்து பின்னால் போய்விடும்.

"டேய், பந்தாட்டமாடா இது? கல்யாணப் பந்தியில உபசாரம் நடக்குது!" என்று வரப்பிலிருந்து ஒருவன் கத்தினான்.

"சாமி, இன்னும் ஒரு கரண்டி போடுங்க!" என்றான் இன்னொருவன்.

லாரி ஸ்டாண்டுக்காரர்கள் போட்டார்கள். ஒவ்வொரு கோலுக்கும் மங்கையம்மா ஒரு கடலை உரித்தார். கடைசியில் அவர்களுக்கே வெட்கமாகி, பன்னிரண்டாவதை வேண்டுமென்றே வெளியே அடித்தார்கள்.

ஐவரும் மடத்துக்குத் திரும்பினார்கள். வாசலுக்கு வந்ததும் அறவாழிதான் ஆரம்பித்தார்.

"பதினொண்ணு! குழந்தைசாமி, கோல்கீப்பர்னா பந்தைப் பிடிக்கணும். தரிசனம் பண்ணக் கூடாது."

"எல்லாம் அவரைத் தாண்டித்தானே போச்சு" என்றார் மாசிலாமணி.

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அதில் மட்டும் இருவரும் ஒரே பக்கம் ஆடினார்கள்.

குழந்தைசாமி உள்ளே போனார். சற்று நேரத்தில் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"நான் ஊருக்குப் போறேன். நான் இருந்தா மடத்துக்கு அசிங்கம்" என்று சொல்லிவிட்டு, எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தார். பஸ் வந்தால் ஏறிவிடுவார். ஏறினால் திரும்ப மாட்டார். அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அறவாழி நேராக மங்கையம்மாவிடம் போனார்.

"அம்மா, நாம ஏன் தோத்தோம்?"

"உலை வச்சிருக்கேன். எல்லாரும் வந்து உட்காருங்க, தியானம் பண்ணலாம்" என்றார் மங்கையம்மா.

நால்வரும் கூடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினார்கள். அம்மாவும் எதிரில் உட்கார்ந்தார். அடுக்களையில் சோறு தளதளவென்று கொதித்தது. மூடி தடதடவென்று ஆடியது. கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்து 'சொய்ங்' என்றது.

அறவாழி ஒரு கண்ணைத் திறந்தார்.

"மாசிலாமணி, சோறு."

"ஆமா, வாசனை வருது. நீங்க போறீங்களா?"

"நீங்க அடுக்களைக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கீங்க."

"இருந்தாலும், உங்களை மீறி..."

மற்ற இருவரும் கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டார்கள். மங்கையம்மா அசையவில்லை. தளதளப்பு அடங்கியது. லேசாக ஒரு கருகல் வாசனை கிளம்பியது. பிறகு லேசாக இல்லை.

"அடிப்பிடிக்குது போலிருக்கே" என்றார் மாசிலாமணி, யாரோ வீட்டுச் சோற்றைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

அப்போது வாசலில் தடதடவென்று காலடிச் சத்தம். தோளில் பை ஆட, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழந்தைசாமி ஓடி வந்தார். அந்த வேகத்தில் பாதி மைதானத்தில் ஓடியிருந்தால்கூடப் போதும்.

"ஐயையோ, என் சோறு! என் சோறு!"

நால்வரையும் தாண்டி அடுக்களைக்குள் பாய்ந்தார். துண்டால் பானையைப் பிடித்து இறக்கினார். அடியில் கொஞ்சம் போயிற்று. மேல் சோறு பிழைத்தது.

வெளியே வந்தபோதுதான் தான் கத்தியது அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. சொல்லிட்டேன். பெருக்கிட்டுப் போயிடறேன்."

பையைக்கூட இறக்கி வைக்காமல் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார்.

மங்கையம்மா எழுந்தார்.

"சோறு யாருது அண்ணே?"

"நம்மளுது அம்மா" என்றார் அறவாழி.

"அப்படியா? நம்மளுது கருகிக்கிட்டிருந்தப்போ நாம அஞ்சு பேரும் எங்கே இருந்தோம்?"

அறவாழி தரையைப் பார்த்தார். மாசிலாமணி கூரையைப் பார்த்தார்.

முற்றத்தில் சர்ர் சர்ர் என்று விளக்குமாறு ஓடியது. பாதி முடிந்துவிட்டது. மலை வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. இத்தனை வருஷம் பஸ்ஸில் வேலை பார்த்த அறவாழிக்கு அந்த ஹாரனின் தூரம் நன்றாகவே தெரியும்.

"அம்மா, அவரைப் போக வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

"நான் எதுக்குச் சொல்லணும்? பதினொரு கோலும் அவருதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது ஏதோ கோவத்துல..."

"கோவத்துல சொன்னாலும் சொன்னதுதானே. இங்கே யாருக்கும் எதுவும் சொந்தமில்லை. இடுப்புல கட்டியிருக்கிற வேட்டியைக்கூட 'நம்ம வேட்டி'ன்னுதான் சொல்றீங்க."

"ஆமாம்மா."

"அப்போ அந்தப் பதினொண்ணை மட்டும் எப்படி அண்ணே அவர் பேர்ல எழுதி வச்சீங்க?"

அறவாழியின் வாய் திறந்தது. தொண்டை வரை ஏதோ வந்தது. நின்றது.

ஹாரன் இன்னும் பக்கத்தில் கேட்டது. குழந்தைசாமி குப்பையை ஓரமாகக் குவித்து, விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். பின்னாலிருந்து பார்க்க, அவர் தோளில் அந்தப் பை ரொம்பவும் தொங்கியது.

"அம்மா, இப்ப நாங்க என்னம்மா செய்யணும்?"

மங்கையம்மா வாசல் பக்கம் பார்த்தார்.

"பதினொண்ணையும் ஒரே ஆளா சுமந்துக்கிட்டுப் போறாரு, பாவம். ஓடிப்போய் ஆளுக்கு ரெண்டு 'என்னுது'ன்னு கேட்டு வாங்கிக்கிட்டு வாங்கண்ணே. மிச்சம் மூணு அவருதுதான், அதை அவரே வச்சுக்கட்டும்."