ஆழமே இல்லாத செம்புச் சுரங்கம்

வேங்கைநாட்டு ராஜா வீரகண்டருக்கு யாரைக் கண்டும் பயமில்லை, மாமனாரைத் தவிர. அந்த மாமனார் பக்கத்து நாட்டு ராஜா. அவர் பேத்தி கல்யாணத்துக்குச் செம்புப் பாத்திரம் கேட்டு வீரகண்டரின் ஆள் போனபோது, "உங்கள் ஊரில்தான் செம்மலை என்று ஒரு மலையே இருக்கிறதே, தோண்டிக்கொள்ளச் சொல்" என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. மாமனாரைத் திட்ட முடியுமா? செம்மலையில் தோண்டும் பன்னிரண்டு குடும்பங்களின் தலைவி பொம்மக்காளைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"ஆவணிக்குள் செம்பு வரவேண்டும்! இல்லையென்றால் பன்னிரண்டு குடும்பமும் மூட்டை கட்டிக்கொண்டு நாட்டை விட்டே போய்விட வேண்டும்!"

பாவம், அவர்கள் மேல் என்ன தப்பு? தப்பெல்லாம் ராஜ வம்சத்து முறையில் இருந்தது. மகன் அப்பனைவிட ஆழமாகத் தோண்டக் கூடாது, ஒரு முழமாவது குறைத்தே தோண்ட வேண்டும். மீறினால் அப்பனை அவமதித்ததாகுமாம்! முதல் ராஜா உச்சியில் பதினைந்து முழம் தோண்டினார். அவர் மகன் பக்கத்தில் பதினாலு. பேரன் பதின்மூன்று. மலையுச்சி அம்மைத் தழும்பு விழுந்த முகமாய் ஆனதுதான் மிச்சம். பத்தாவதாக வந்த வீரகண்டருக்குக் கிடைத்தது ஆறு முழம். இப்படியே போனால் அவருடைய ஆறாம் தலைமுறை மலையைத் தடவிக்கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான்.

இந்த முறையைக் காவல் காக்கவே அரண்மனையில் ஆதிமூலம் என்று ஒருவர் இருந்தார். முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு எப்போதும் அவர் தோளில் தொங்கும்.

அவையில் நொச்சியப்பர் என்று இன்னொருவர். ராஜாவைச் சிரிக்கவைப்பது அவர் உத்தியோகம். அவர் நேராக மலைக்குப் போனார்.

"பொம்மக்கா, உண்மையைச் சொல்லு. செம்பு இருக்கா, இல்லையா?"

"இருக்கு சாமி. உச்சியில பூரா துருப்புடிச்ச கல்லு. அதுக்குக் கீழ பச்சைக் கறை. காலங்காலமா பேஞ்ச மழை, மேல இருந்த செம்பைக் கரைச்சு உள்ள இறக்கிடுச்சு. முப்பது முழம் போனா அள்ளலாம். ஆறு முழத்துல என்ன கிடைக்கும்?"

"உள்ளே இருக்குன்னு நீ எப்படிக் கண்டே?"

"அடிவாரத்துல ஒரு ஊத்து கசியுது. அதுல இரும்பு உளியைப் போட்டு வச்சேன். ரெண்டு நாள்ல அது மேல செம்பு தோலாட்டம் படிஞ்சிடுச்சு."

நொச்சியப்பர் ஊற்றைப் பார்த்தார். உச்சியை அண்ணாந்து பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார்.

"பத்துத் தலைமுறையா கூரையைப் பிரிச்சு வீட்டுக்குள்ள இறங்கப் பார்த்திருக்கீங்களே! வாசல் இங்கேல்ல இருக்கு!"

"கூரையைப் பிரிக்கச் சொன்னது நாங்களா சாமி?" என்றாள் பொம்மக்காள்.

மறுநாளே ஊற்றுப் பக்கத்திலிருந்து மலைக்குள் படுக்கையாகக் குடைய ஆரம்பித்தார்கள். தேங்கிய தண்ணீரும் தானாக வெளியே ஓடிவந்தது. ஆடிக் கடைசியில் உளி பட்ட இடத்தில் கல் மஞ்சளாய் மின்னியது. உலையில் இட்டார்கள். செக்கச்செவேலென்று செம்பு! பொம்மக்காள் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஆதிமூலம் அவையில் வந்து குதித்தார்.

"அபசாரம்! உச்சியிலிருந்து முப்பது முழம் கீழே! முதல் ராஜாவையே மிஞ்சிவிட்டார்கள். சுரங்கத்தை மூடுங்கள், இவர்களை விரட்டுங்கள்!"

ராஜாவின் முகம் சுருங்கிவிட்டது. செம்பும் வேண்டும், முன்னோர் சாபமும் கூடாது.

"முறைப்படி ஆழத்தை எப்படி அளப்பீர்?" என்று கேட்டார் நொச்சியப்பர்.

"குழியின் வாயில் நின்று, கல் கட்டிய கயிற்றை உள்ளே விடவேண்டும். கல் எத்தனை முழம் இறங்குகிறதோ, அதுதான் ஆழம்."

"வாருங்கள், விடுங்கள்."

ராஜா முதல் எல்லாரும் சுரங்க வாசலுக்குப் போனார்கள். ஆதிமூலம் வாசற்படியில் நின்று கல்லை விட்டார். அது அவர் காலடியிலேயே உட்கார்ந்துகொண்டது. காலால் தள்ளிப் பார்த்தார். உருண்டதே தவிர இறங்கவில்லை.

"எத்தனை முழம்?" என்று கேட்டார் நொச்சியப்பர்.

"ஒன்றுமில்லை" என்று முனகினார் ஆதிமூலம்.

"கேட்டீர்களா மகாராஜா? உங்கள் தகப்பனார் ஏழு முழம். நீங்கள் ஒரு சாண்கூடத் தோண்டவில்லை. இந்த வம்சத்திலேயே இத்தனை அடக்கமான பிள்ளை பிறந்ததில்லை!"

ராஜா சிரித்தார். ஆதிமூலம் விடுவதாயில்லை.

"சிரிக்காதீர்கள், மகாராஜா! நாளைக்கு இளவரசர் என்ன செய்வார்? அப்பாவைவிடக் குறைத்துத் தோண்ட வேண்டுமே! ஒன்றுமில்லாததற்கும் குறைவாக எப்படித் தோண்டுவது? பிள்ளையைக் கட்டிப்போடுகிற சுரங்கம் நமக்கு வேண்டாம். இன்றே மூடுங்கள்!"

ராஜாவின் சிரிப்பு நின்றது. பொம்மக்காள் நொச்சியப்பரைப் பார்த்தாள்.

நொச்சியப்பர் அசரவில்லை.

"அதற்கென்ன? இளவரசர் உள்ளே போய் நின்றுகொண்டு தலைக்கு மேலே தோண்டட்டும். ஒரு முழம் என்ன, முப்பது முழம்கூடக் குறைக்கலாம். செம்பும் தானாகவே கூடையில் விழும்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்த கையோடு, அடிவாரம் முழுவதையும் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் மானியமாகக் கொடுத்தார்.