சாவுக்குப் பிடித்த மாடு

அந்நாளைய இங்கிலாந்தில் குத்தகைக்காரன் செத்தால் பிரபு துக்கம் விசாரிக்கமாட்டார் என்று பலரும் நம்புகிறார்கள். மாபெரும் பிழை. ஆள் அனுப்பி விசாரிப்பார். வந்த ஆள் வழக்கப்படி, செத்தவனின் சிறந்த மாட்டை ஓட்டிக்கொண்டு போவான்.

கணவனை இழந்த ஹாவிஸின் மாடும் அப்படித்தான் போனது. மறுவாரமே ஓஸ்பர்ட் பிரபு, ஊர்க் குத்தகைக்காரர்களே தீர்ப்புச் சொல்லும் பண்ணை மன்றத்தைக் கூட்டி, நிலத்தையும் கேட்டார்.

"உன் புருஷன் என் குத்தகைக்காரனே இல்லை. அவன் மகனுக்கு ஏது பாத்தியதை? காலி பண்ணு!"

"அப்படியா எஜமானே?" என்றாள் ஹாவிஸ். "அப்போ என் மாட்டை எதுக்குப் பிடிச்சீங்க?"

"குத்தகைக்காரன் செத்தா மாடு எனக்குத்தானேடி, அசடே!"

"அதை அப்படியே எழுதிக்கோங்க, எழுத்தரே."

சிரித்து ஓய்ந்த மன்றம் நிலத்தை மகன் பெயருக்கு எழுதியது.

அந்தப் பண்ணையில் அடுத்த சாவுக்கு மாடு பிடிக்க யாரும் வரவில்லை.