அலையனுக்கு ஒரு கல்

கடலும் காயலும் கலக்கும் இடத்தில் கழிமுனை என்றோர் ஊர். அங்கே பாதி நாள் பனிமூட்டம்தான். வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஓடக்காரர்கள் வழி தவறிக் கடலுக்குள் போய்விடுவார்கள். பிறரைக் காப்பாற்றித் தன் உயிரைக் கொடுத்தவருக்குக் கரையில் நடுகல் நட்டு விளக்கேற்றுவது ஊர் வழக்கம். மற்றவருக்கு அந்தக் கல் கிடையாது.

அந்த ஊரில் வெண்கலம் வார்க்கும் வடிவாள், மூட்டத்தில் வழி தவறாத ஓடக்காரன் ஒருவனை வார்த்தாள். அவன் நெஞ்சுக்குள் ஒரு சங்கை வைத்து, அதில் வாய் பொருத்திக் கட்டளை சொன்னாள். ஏறியவரைக் கரை சேர். படகு தாழ்ந்தால் பொருளைத் தள்ளு, உயிரைத் தள்ளாதே. சொல்லி முடித்து நெஞ்சை மூடியதும் அவன் எழுந்து துடுப்பை எடுத்தான். ஊர் அவனை அலையன் என்றது.

அலையன் பேசுவதில்லை, உண்பதில்லை, உறங்குவதில்லை. நாரைக் கூட்டம் தாழப் பறந்தால் மட்டும் துடுப்பை நிறுத்திவிட்டு, அவை வெண்மைக்குள் கரையும்வரை முகத்தைத் தூக்கியபடி இருப்பான். கழுத்துப் பூட்டில் உப்பு ஏறியிருக்கும் என்று வடிவாள் எண்ணெய் விட்டாள். அதற்குப் பிறகும் அவன் பறவைகளைப் பார்த்தான்.

ஒரு மழைக்கால முற்பகலில் பூவாயி என்பவள் கைக்குழந்தையோடு அக்கரையிலிருந்து படகேறினாள். இறந்துபோன தாயின் வீட்டிலிருந்து பெரிய அம்மி ஒன்றைக் கொண்டுவந்தாள். நடுக்காயலில் காற்று திரும்பியது. தண்ணீர் படகின் விளிம்பைத் தொட்டது. அலையன் அம்மியைத் தூக்கி விளிம்புக்குக் கொண்டுபோனான்.

"அது எங்கம்மா அரைச்ச அம்மி. அவ கைபட்டதுன்னு எனக்கு வேற ஒண்ணும் இல்ல," என்றாள் பூவாயி.

அலையன் அசையாமல் நின்றான். பிறகு அம்மியை அவள் காலடியிலேயே திருப்பி வைத்தான். துடுப்பை அவள் கையில் கொடுத்தான். கரை இருக்கும் திசையைக் காட்டிவிட்டு, படியிறங்குவதைப் போலத் தண்ணீருக்குள் இறங்கிப் போனான். பாரம் குறைந்த படகு மேலெழுந்தது.

கரை சேர்ந்த பூவாயி நடந்ததைச் சொல்லி அவனுக்குக் கல் கேட்டாள். ஊர்த்தலைவன் கொற்றன் மறுத்தான். அவன் மகனும் பிறரைக் காப்பாற்றப் போய்க் கடலில் மாண்டவன். அவனுடைய கல் அந்தக் கரையில்தான் நின்றது.

"பொருளைத் தள்ளுன்னு நீ சொல்லிவச்ச. அது தானும் பொருள்னு தெரிஞ்சு தன்னையே தள்ளிக்கிச்சு. சொன்ன வேலைய முடிச்ச சாமானுக்கு எதுக்குக் கல்லு? எம்பிள்ளை பக்கத்துல அது நிக்கணுமா?" என்று வடிவாளைக் கேட்டான். பிறகு குரல் தாழ்ந்தது. "செஞ்சவ நீ. நீயே சொல்லு வடிவு. அது உயிரா, சாமானா?"

பொருள் என்று வடிவாள் சொன்னால், அலையன் போன விதத்தையே பொய்யாக்குவதாகும். உயிர் என்றாலோ, உயிருள்ள ஒருவனை ஓய்வில்லாமல் துடுப்போடு கட்டிப்போட்டவள் அவள்தான் என்று ஆகும். மூட்டம் மெல்ல ஏறி எல்லோருடைய கால்களையும் மறைத்தது. மேகத்தின்மேல் நிற்பவர்களைப் போல ஊரார் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கேட்பவர்களே, அலையன் உயிரா, பொருளா? வடிவாள் சொல்ல வேண்டிய பதில் எது?

விடை: உயிர். பொருளைத் தள்ளு என்பது கட்டளை. தள்ள வேண்டிய பொருள் அலையனின் கையிலேயே இருந்தது. அதைத் தள்ளியிருந்தால் சொன்ன வேலை முடிந்திருக்கும், அவனும் மிஞ்சியிருப்பான். ஒருத்தியின் துக்கத்தைக் கேட்டு அவன் கட்டளையை மீறினான். யாரும் சொல்லாத ஒன்றைத் தானே தேர்ந்துகொண்டான். கருவியால் அது முடியாது. வடிவாளும் அதையே சொன்னாள்: "உயிருதான். ஓய்வே குடுக்காம அவனைக் கட்டிப்போட்ட பழி எனக்கு இருக்கட்டும். கல்லு அவனுக்கு நடுங்க." கொற்றன் பக்கத்தில் நின்றவரிடம் மண்வெட்டியை வாங்கி, மகனின் கல்லுக்கு அருகே தானே குழி வெட்டத் தொடங்கினான்.