வாத்தின் கூட்டுக்கு ஆமை காவல்

கோரை மண்டிய குளம் ஒன்றில் வாத்தும் ஆமையும் வாழ்ந்தன. வாத்து இரை தேடப் போனால், ஆமை அதன் கூட்டில் முட்டைகளுக்கு நடுவே படுத்துக் காவல் காக்கும். குளத்தில் அதற்குப் பெரிய மரியாதை.

ஆனால் பொரித்த குஞ்செல்லாம் வயிறு கழிந்து செத்தன.

"கரையில் கத்துகிறதே ஆள்காட்டிக் குருவி, அதன் கண் பட்டுவிட்டது!" என்றது ஆமை.

குளத்தில் இருந்த எல்லோருமாகக் கூடி ஆள்காட்டியை வரப்புக்கு அப்பால் துரத்தினார்கள். ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அது போன பிறகும் இரண்டு வருடம் குஞ்சுகள் செத்தன. ஆள்காட்டி அப்பால் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

வாத்துக்கு வயதாகிவிட்டது. கடைசி ஈடு முட்டையிடும் நாள் வந்ததும் அது வரப்போரம் போய் அழுதது. "இதுவும் போனால் எனக்கு யாருமில்லை!"

"இப்போதுதான் வழி தெரிந்ததா?" என்றது ஆள்காட்டி. "நீர்க்கோழிக் கூட்டில் ஒரு குஞ்சாவது செத்ததா? அங்கே ஆமை படுப்பதில்லை. உன் கூட்டில் படுக்கிறது, அங்கேயே கழிக்கிறது. அதன் வயிற்றில் உள்ள நோய் உன் முட்டையில் ஒட்டுகிறது!"

ஆமை தலையை நீட்டிக்கொண்டு வந்தது. "எனக்கா நோய்? பிறந்ததிலிருந்து ஒருநாள் நோயென்று படுத்திருப்பேனா? என் உடம்பைப் பார்!"

"பார்த்தேன். அந்த நோய் உன்னை ஒன்றும் செய்யாது. குஞ்சைத்தான் கொல்லும்!"

"சரி, இந்த முறை ஆமையண்ணன் வர வேண்டாம். நானே பழைய கூட்டில் காத்துக்கொள்கிறேன்" என்றது வாத்து.

"கெட்டது! அந்தக் கோரையை என்றைக்காவது மாற்றினாயா? ஆமை போனாலும் அதன் அழுக்கு அங்கேதான் இருக்கும். வெயில் படும் மேட்டில் புதுக் கோரையில் கூடு கட்டு!"

வாத்து அப்படியே செய்தது. ஐந்து முட்டை, ஐந்தும் பொரித்தன. ஒரு குஞ்சுக்கும் வயிறு கழியவில்லை. ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது.

"ஆள்காட்டி, பழையதை மறந்துவிட்டுக் குளத்துக்கு வா!" என்று கூப்பிட்டார்கள்.

"மறக்கமாட்டேன். எந்த வரப்பைத் தாண்டித் துரத்தினீர்களோ, அதே வரப்பைத் தாண்டி வந்து கூப்பிடுங்கள்!"

வந்தார்கள். முன்னால் வாத்து, பின்னால் ஐந்து குஞ்சுகள், கடைசியில் ஆமை. ஆள்காட்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குளத்துக்குள் நடந்தது.

தனக்கு நோய் வரவில்லை என்பதாலேயே, தன்னால் பிறருக்கு நோய் வராது என்று எவரும் பெருமை பேசக்கூடாது.