ஒற்றைக் காலில் நின்ற சேவை

அல்லிக் குளத்தங்கரையில் ஒரு கொக்கு இணையச் சேவை நடத்தி வந்தது. காட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அதில் கேட்கலாம். அது உரிய வைத்தியரைத் தேடிப் பதில் வாங்கித் தரும்.

ஒரே ஒரு குறை. அதற்காகக் கொக்கு எழுதிய கணினி நிரலும் கொக்கைப் போலவே ஒற்றைக் காலில் நின்றது! ஒரு வைத்தியரிடம் கேட்டால், அவர் பதில் தரும்வரை அடுத்தவரை ஏறெடுத்துப் பார்க்காது.

அன்று முள்ளம்பன்றி இருமலுக்கு மருந்து கேட்டது. கேள்வி ஆமை வைத்தியரிடம் போனது. ஆமையிடம் பதில் வாங்குவது சும்மாவா? பொழுது சாய்ந்துவிடும்!

அப்போது அணில் அழுதுகொண்டே ஓடி வந்தது.

"கொக்கு அண்ணே! என் குட்டியைத் தேள் கொட்டிடுச்சு! கீரி வைத்தியர் எந்தப் புதர்ல இருக்காரோ தெரியல. உங்க சேவையில கேட்டா 'காத்திருக்கவும்'னே நிக்குது!"

கொக்கு பதறிப்போனது. கல்நெஞ்சம் இல்லை அதற்கு. "முள்ளம்பன்றியைப் பாதியில விட்டா துரோகம் இல்லையா?" என்று தவித்தது.

கிளையிலிருந்த தூக்கணாங்குருவி கத்தியது. "நம்ம பொது நிரல் நூலகத்துல இதுக்குன்னே ஒண்ணு இருக்கே அண்ணே! நாங்கல்லாம் சேர்ந்து எழுதினது. கேள்வியை அனுப்பிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கும். பதில் வந்ததும் கேட்டவங்ககிட்ட சேர்த்துடும். எடுத்து மாட்டுங்க!"

"ஊரார் எழுதினதை எப்படி நம்புறது?"

"அண்ணி அடைகாக்கும்போது நீங்க மீனுக்குப் போறீங்களே, முட்டையை மறந்துட்டா போறீங்க? அண்ணி பாத்துக்குவாங்கன்னு நம்பித்தானே!"

கொக்கு தூக்கி வைத்திருந்த காலை மெல்லக் கீழே வைத்தது. நூலக நிரலைத் தன் சேவையில் இணைத்தது. முள்ளம்பன்றியின் கேள்வியை மறக்காமல் மறுபடி அனுப்பியது. அடுத்த நொடியே அணிலின் கேள்வியும் பறந்தது!

"இதோ வந்துட்டேன்!" என்று பதில் போட்ட கீரி, மூலிகையோடு ஓடி வந்தது. சற்று நேரத்தில் குட்டி அம்மாவின் வாலுக்குள் சுருண்டு தூங்கியது. கொக்கின் கண்கள் கலங்கின.

இணைக்கும்போதே கொக்கு ஒன்றைக் கவனித்திருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் வராத பதிலை அந்த நிரல் தூக்கி எறிந்துவிடும்! 'மெதுவாக வருபவருக்கும் காத்திரு' என்று கொக்கு ஒரு வரி சேர்த்தது. அதை எல்லோருக்குமாக நூலகத்திலும் வைத்தது.

அந்தி சாயும் நேரம். ஆமை வைத்தியரின் பதில் முள்ளம்பன்றிக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

பிறரை நம்பி ஒரு வேலையை ஒப்படைக்கத் தெரிந்தால்தான், நம்மை நம்பியிருக்கும் எல்லோரையும் நாம் கவனிக்க முடியும்.