வேர்ப் பந்தியில் இடம் பிடித்தவர்கள்

சத்தியம்! சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யானாலும் நாளைக்கே என் மீசையை மழித்துக்கொள்கிறேன், பிள்ளைகளே.

ஒரு காட்டில் முள்ளம்பன்றி ஒருத்தி சேனைக்கிழங்கு பயிரிட்டு வந்தாள். மகா சுத்தக்காரி. மற்றவர்கள் சேனைத் துண்டைச் சாணிக் கரைசலில் முக்கி நடுவார்கள். இவளோ வெந்நீரில் அலசி நடுவாள். மண்ணுக்கும் கொதிநீர் ஊற்றுவாள்.

இரண்டு வருஷமாக அவள் கிழங்கெல்லாம் அழுகல் பூஞ்சைக்கே விருந்தாகிவிட்டது. மிச்சம் ஒரே ஒரு கூடை விதைத்துண்டு. அதுவும் அழுகினால் தை மாதம் அறுவடையில்லாமல் அவளுடைய நாலு குட்டிகளும் பட்டினி.

"இந்தத் தடவை இரண்டு அண்டா கொதிநீர்!" என்று அடுப்பை மூட்டினாள்.

மண்புழு தலையை நீட்டியது. "ஏன் அக்கா, போன வருஷம் என் வாலை வேகவைத்தது போதாதா? உன் வெந்நீரில் செத்தது பூஞ்சையோடு மல்லுக்கு நிற்கும் பாக்டீரியாக்கள். பூஞ்சை பக்கத்துத் தோட்டத்திலிருந்து சாவகாசமாக வருகிறது. தடுக்கத்தான் ஆளில்லை."

"பாக்டீரியாவா? எங்கே, காட்டு!"

"கண்ணுக்குத் தெரியாது. என் எச்சத்தில் கோடிப்பேர் இருக்கிறார்கள். சாணியில் கலந்து துண்டை முக்கு."

"எச்சமும் சாணியுமா? சீச்சீ!" முள்ளெல்லாம் சிலிர்த்தது. ஆனால் கடைக்குட்டி பசியில் கூடையை முகர்ந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு முக்கி நட்டாள்.

வேர் விட்டதுதான் தாமதம். கல்யாணப் பந்தியில் இடம் பிடிப்பதுபோல் பாக்டீரியாக்கள் வேர் முழுக்க நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டார்கள்.

வெள்ளை நூல்களை நீட்டிக்கொண்டு பூஞ்சை வந்தது. "பொடிசுகளா, எழுந்திருங்கள்! இது என் இடம்."

"வாங்க பெரியப்பா! இலை போட்டாயிற்று. அடுத்த பந்தியில் பார்க்கலாம்."

"அது எப்போது?"

"நாங்கள் எழுந்ததும். ஆனால் பாருங்கள், பேசி முடிப்பதற்குள் நாங்கள் இரண்டு மடங்காகிவிட்டோம்!"

பூஞ்சை முரட்டுத்தனமாக நுழையப் பார்த்தது. பொடியர்கள் ஒரு சாற்றைத் துப்பினார்கள். பட்ட இடமெல்லாம் நூல் கருகிச் சுருண்டது. பசியோடு சுருண்ட பூஞ்சை பிறகு எழவேயில்லை.

தை மாதம் தோண்டினாள். அடேயப்பா! ஒரு கிழங்கை வெளியே இழுக்க மூன்று யானைகள் வந்தன. அதில் ஒன்றுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நாலு குட்டிகளும் தின்று தின்று நடக்க முடியாமல் உருண்டன. சுத்தக்காரி சாணி வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கூத்தாடினாள்!

நீதி: கெட்டவரை விரட்ட எல்லாரையும் அழிக்காதே, நல்லவரை முதலில் குடியேற்று.

பிள்ளைகளே, இதைச் சொன்னது யாரென்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அந்த முள்ளம்பன்றிக்குத் தெரிந்தால் என் முதுகு சல்லடைதான்!