எத்தனை பேர், கேப்டன்?

தரையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் விமானி கேப்டன் ரகோத்தமனுக்கு எறும்புகள்தான். அன்று தூத்துக்குடியில் புயல்மழை கொட்டியது. இறங்கப் பார்த்த அவருடைய விமானம், ஓடுபாதை தெரியாமல் ஒருமுறை மேலேறிவிட்டது. சென்னை அலுவலகத்திலிருந்து விமானங்களுக்கு வானிலையும் வழியும் சொல்லும் டிஸ்பாச்சர் ஜெசிந்தா ரேடியோவில் கெஞ்சினாள்.

“சார், காத்து இன்னும் மோசமாகுது. மதுரைக்குப் போயிடுங்க. இப்பவே திரும்பினாத்தான் எரிபொருள் பத்தும்.”

“பிளேன் ஓட்டுறது நீயா, நானா? மறுபடியும் இறங்கப் போறேன். நீ உன் வேலையைப் பாரு.”

விமானத்தில் கேப்டன் சொல்வதுதான் முடிவு. அவளால் உத்தரவிட முடியாது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சரி சார், பாக்குறேன். அங்க ஆம்புலன்ஸ் ரெண்டுதான் நிக்குதாம். இன்னும் வேணும்னு சொல்லி அனுப்பணும். உள்ள மொத்தம் எத்தனை பேர்? குழந்தைங்க எத்தனை?”

வெகுநேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, “மதுரைக்குத் திருப்புறேன்” என்றார்.

பத்திரமாக இறங்கியவர், தன்னை மிரட்டியதாக அவள்மேல் புகார் கொடுத்தார். விசாரணையில் ஒலிப்பதிவை ஓடவிட்டார்கள். மிரட்டல் எங்கேயும் இல்லை. அவளுடைய கேள்வியும் அவருடைய மௌனமும்தான் இருந்தன. கேப்டன் தலைநிமிரவில்லை.

“பயணிகள் கணக்கு உங்க மேசையிலேயே இருந்ததே, அப்புறம் ஏம்மா கேட்டீங்க?” என்றார் விசாரணை அதிகாரி.

“எங்கிட்ட இருந்துச்சு சார்” என்றாள் ஜெசிந்தா. “அவர்கிட்ட இருக்கான்னு தெரியலை.”